மூன்று மணி நேரம் இருப்பவர்களுக்கு

காலை ஆறு மணிக்குக் கைப்பேசி அடித்தபோதே விஷயம் என்னவென்று நெரீனாவுக்குத் தெரிந்துவிட்டது. விடிவதற்கு முன்பிருந்தே ஜன்னல் பலகைகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. போரா கிளம்பிவிட்டது. மலையிலிருந்து கடலை நோக்கிக் குப்புற விழுகிற அந்தக் காற்று வந்துவிட்டால் திரியெஸ்தே நகரத்தில் யாருடைய திட்டமும் யாருடைய கையிலும் இருக்காது.

"நெரீ, எழுந்துட்டியா?" சவேரியோவின் குரலுக்குப் பின்னால் இயந்திரச் சத்தம். "எங்க எல்லாரையும் கூப்பிட்டுட்டாங்க. ரெண்டு கப்பல் நங்கூரத்தையே இழுத்துக்கிட்டு நகருது. சாயங்காலம் வரைக்கும் நான் படகை விட்டு இறங்க முடியாது."

"அப்போ உங்க அம்மா?"

"அதான்..."

"அதான்னா?"

"அம்மா இன்னிக்கு உன் பொறுப்பு. நீதானே ஊருக்கே ஊரைக் காட்டறவ!"

அவன் சிரிக்க முயன்றான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இருவருக்குமே அந்த நாளின் கனம் தெரியும்.

சவேரியோ துறைமுகத்து இழுவைப் படகில் வேலை பார்த்தான். இரண்டு வருட ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தர வேலைக்கான கடிதம் வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். போடாவிட்டால் சொந்த ஊரான நேப்பிள்ஸில், தீவுகளுக்குப் போகும் பயணக் கப்பலில் ஓர் இடம் அவனுக்காகக் காத்திருந்தது. அப்பா போய் மூன்று வருடமாகிறது. அம்மா நூன்சியா அங்கே மூன்றாவது மாடியில் தனியாக இருந்தாள். "அவங்களை அப்படி விட்டுட்டு இங்க என்னால நிம்மதியா இருக்க முடியாது, நெரீ. அம்மா இங்க வந்து இருக்கச் சம்மதிச்சா கையெழுத்து. இல்லன்னா நான் திரும்பித்தான் ஆகணும்" என்று சொல்லியிருந்தான். நீயும் என்னோடு வந்துவிடு என்று அவன் கேட்கவில்லை. பதினோரு வருடமாக ஒரே ஊரைப் புகழ்ந்து சம்பளம் வாங்குகிறவளை எந்த முகத்தோடு இன்னோர் ஊருக்குக் கூப்பிடுவது?

நூன்சியாவோ, "ஒரே ஒரு நாள் வந்து பாக்கறேன். மனுஷி வாழற ஊரா இருந்தா யோசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, ரயிலில் வந்து இறங்கியிருந்தாள்.

நெரீனாவின் வேலை பெரிய சதுக்கத்தின் ஓரத்தில் பயணிகளுக்கு வழி சொல்லும் அலுவலகத்தில். அவள் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு நான்கு மொழிகளில் அச்சாகி மேசை மேல் அடுக்கியிருக்கும். காப்பியை நின்றுகொண்டே குடியுங்கள், உட்கார்ந்தால் நாற்காலிக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சாப்பாட்டுக் கடையில் ரொட்டிக்கும் மேசை விரிப்புக்கும் தனியாகக் காசு போடுவார்கள், சண்டைக்குப் போகாதீர்கள். வாசலில் உணவின் படங்களை மாட்டியிருக்கும் கடைக்குள் நுழையாதீர்கள். ஒரு நாளில் மூன்று இடங்களுக்கு மேல் பார்க்காதீர்கள்.

அப்படி எழுதியவள், வருங்கால மாமியாருக்கென்று பதினோரு இடங்களைக் குறித்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம் வேறு.

ஒன்பது மணிக்கு சவேரியோவின் வீட்டுக் கதவைத் தட்டினாள். நூன்சியா தயாராக நின்றாள். குள்ளமான, அகலமான உருவம். கறுப்பு மேலங்கி. கழுத்தில் நீலப் பட்டுத் துணி. தலைமுடியில் ஒரு இழைகூட அசையாதபடி ஸ்ப்ரே அடித்திருந்தாள்.

"ராத்திரி முழுக்க யாரு அந்தக் கதவை ஆட்டினது?" என்றாள்.

"காத்து, சிஞோரா" என்றாள் நெரீனா, பெரியவர்களைக் கூப்பிடும் மரியாதையோடு.

"காத்தா? நான் என் பையனுக்கு எதிரி யாரோ வந்திருக்கான்னு நினைச்சேன்."

முதலில் காப்பி. அங்கேதான் ஆபத்து என்று நெரீனாவுக்குத் தெரியும். நேப்பிள்ஸ்காரிக்குக் காப்பி வாங்கிக் கொடுப்பது, பாட்டு வாத்தியாருக்கு முன்னால் பாடுவது மாதிரி. ஊரிலேயே பழைய கடையாகப் பார்த்து அழைத்துப் போனாள்.

"இங்க வெறும் காப்பின்னு கேக்க மாட்டாங்க, சிஞோரா. 'கறுப்பு'ன்னு கேக்கணும்."

"காப்பி கறுப்பாத்தானே இருக்கும்? நீங்க என்ன, பச்சையாவா குடிக்கறீங்க?"

கோப்பை வந்தது. பக்கத்தில் ஒரு சின்னத் தம்ளர் தண்ணீர். நூன்சியா தண்ணீரை முதலில் குடித்து வாயைச் சுத்தம் செய்துகொண்டாள். பிறகு மூன்று மடக்கில் காப்பியை முடித்தாள். கோப்பையின் அடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கொட்டை எங்கேருந்து வருது?"

"இந்தத் துறைமுகத்துலதான் இறங்குது. நாடு பூரா இங்கேருந்துதான் நிறையப் போகுது."

"ஓ! நல்லதை நீங்க வெச்சுக்கிட்டு மிச்சத்தை எங்களுக்கு அனுப்பறீங்களா? இத்தனை வருஷமா தெரியாம போச்சே!"

இது பாராட்டா, வசையா என்று நெரீனாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடந்தாள். இரண்டாவது இடம் குன்றின் மேலிருக்கும் பெரிய தேவாலயம்.

"எத்தனை படி?" என்றாள் நூன்சியா கீழே நின்றபடியே.

"நிறைய இல்ல, சிஞோரா. மேல போனா மொசைக் வேலைப்பாடு—"

"ஏம்மா, நீ ஏறி ஆண்டவருக்கு என் வணக்கத்தைச் சொல்லு. என் முட்டி எப்படி இருக்குன்னு அவருக்கே தெரியும்."

மூன்றாவதும் நான்காவதும் காற்றால் மூடிக் கிடந்தன. கடலோரத்து வெள்ளைக் கோட்டைக்குப் போகும் சாலையில் மரம் விழுந்திருப்பதாகப் பேருந்துக்காரர் சொன்னார். நெரீனா தாளில் அவற்றை அடித்தாள். பரவாயில்லை, சாப்பாடு இருக்கிறது. பெரிய கொப்பரையில் பன்றிக்கறியை வேகவைத்து, அதன் மேல் காரக் கிழங்கைத் துருவிப் போட்டு, நின்றபடி சாப்பிடக் கொடுக்கும் கடை. வெளியூர்க்காரர்கள் சாப்பிட்டுவிட்டு நன்றி சொல்லத் திரும்பி வந்ததுண்டு.

நூன்சியா முப்பத்தோரு வருடம் நேப்பிள்ஸில் எண்ணெய்ப் பலகாரக் கடை நடத்தியவள். அரிசி உருண்டை, பூசணிப்பூ, உருளைக்கிழங்கு, நெத்திலி, எதுவானாலும் மாவில் தோய்த்துச் சட்டியில் போட்டால் பொன்னாக எடுப்பாள். கொப்பரைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"வேகவெச்சதா? ஏன், இந்த ஊர்ல எண்ணெய் தீந்து போச்சா?"

"ருசியா இருக்கும், சிஞோரா. அந்தத் துருவலையும் சேத்துச் சாப்பிடுங்க."

சேர்த்துச் சாப்பிட்டாள். காரம் மூக்கில் ஏறி உச்சந்தலையைத் தொட்டது. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. கடைக்காரர் சிரித்தார், பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நெரீனா சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு நூன்சியா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள்.

"என் புருஷன் செத்தப்போகூட நான் இவ்வளவு அழல" என்றாள்.

இதுவரை நடந்ததெல்லாம் நெரீனாவின் துரதிர்ஷ்டம் என்று சொல்லலாம். அடுத்தது அவள் செய்த தப்பு. திரியெஸ்தேயில் பிறந்தவர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். மற்ற ஊர்க்காரர்கள் புயல் வந்தால் விருந்தாளியை வீட்டுக்குள் இழுப்பார்கள். இவர்களுக்குப் போரா என்றால் வீட்டுப் பிள்ளை மாதிரி. வந்தவர்களுக்கு அதைக் காட்டாமல் அனுப்ப மனசு வராது. நெரீனாவும், எதுவும் சரிவரவில்லையே என்ற பதற்றத்தில், "வாங்க சிஞோரா, எங்க காத்தைப் பக்கத்துல போய்ப் பாத்துட்டு வரலாம்" என்று கடலுக்குள் நீளும் கல் துறைக்கு அவளை அழைத்துப் போனாள்.

பத்தடி போயிருப்பார்கள். காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. நூன்சியா இரண்டு கையாலும் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டாள். ஸ்ப்ரே அடித்த முடி ஒரே துண்டாகக் கிளம்பி நின்றது. கழுத்துப் பட்டுத்துணி அவிழ்ந்து, ஒரு கணம் அவள் முகத்துக்கு முன்னால் ஆடி, பிறகு கடல் மேல் பறந்து போயிற்று. அது ஒரு நீலப் புள்ளியாகி மறையும் வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரு கட்டடத்தின் மறைவுக்கு வந்த பிறகுதான் நூன்சியா பேசினாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் நெரீனாவைப் பயமுறுத்தியது.

"புதுசு அது. உன்னைப் பாக்க வரணும்னு வாங்கினது."

"சிஞோரா, நான்..."

"உன் மேல தப்பு இல்லம்மா. நீ நல்ல பொண்ணு. ஊருதான் எனக்கு ஆகாது. மூணே காலுக்கு ஒரு ரயில் இருக்கு, நேத்தே பாத்து வெச்சேன். அதுல ஏத்திவிட்டுடு."

மணி பன்னிரண்டு. நெரீனா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பதினோரு இடங்கள். அத்தனையும் ஊருடைய பெருமை. ஒன்றுகூட இந்தப் பெண்ணுக்காக யோசித்ததில்லை. இவள் மேசைக்கு முன்னால் வந்து நிற்கும் யாரோ ஒருத்தியாக இருந்திருந்தால் தான் முதலில் என்ன கேட்டிருப்போம்? 'எவ்வளவு நேரம் இருக்கு? எது பிடிக்கும்?' அந்த இரண்டு கேள்வியையும் இவளிடம் மட்டும் கேட்கவில்லை.

தாளை நான்காகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"சிஞோரா, ரயிலுக்கு மூணு மணி நேரம் இருக்கு. உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

நூன்சியா அவளை விநோதமாகப் பார்த்தாள். "என்ன பிடிக்கும்னா? உக்காரப் பிடிக்கும். காத்து அடிக்காத இடமா. சமைச்சவ மூஞ்சி தெரியற இடமா. திரும்பவும் இந்த மூஞ்சியைப் பாக்கப் போறதில்லைன்னு நினைச்சு சோறு போடற கடையில எனக்குத் தொண்டைக்குள்ள இறங்காது."

"அப்போ மேல போகலாம்."

"இன்னும் மேலயா!"

"படி கிடையாது. பேருந்து."

மூன்று மணி நேரம் இருப்பவர்களுக்கு நெரீனா சொல்வது எப்போதும் ஒன்றேதான்: நகரத்தை விடுங்கள், மேட்டுக்குப் போங்கள். நகரத்துக்குப் பின்னால் சுண்ணாம்புக் கல் மேட்டில் இருக்கும் சிற்றூர்களில், தோட்டக்காரர்கள் வருடத்தில் சில நாட்கள் மட்டும் தங்கள் வீட்டையே திறந்துவிடுவார்கள். சொந்தத் திராட்சை மது, சொந்தப் பன்றியின் உலர்ந்த தொடைக்கறி, சொந்தக் கோழியின் முட்டை. ரொட்டியைத் தவிர வாங்கி விற்பது எதுவும் கிடையாது. முச்சந்தியில் கம்பம் நட்டு, ஒரு சிவப்பு அம்புப் பலகையும் அதன் மேல் ஐவிக் கொடியின் கிளையும் கட்டியிருந்தால் அந்தப் பக்கம் ஒரு வீடு திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஸோர்கா என்பவளின் வீடு பத்து நாளாகத் திறந்திருந்தது. இன்று கடைசி நாள்.

பேருந்திலிருந்து இறங்கி முச்சந்திக்கு வந்தபோது கம்பம் நின்றது. கிளையையும் அம்பையும் காற்று கொண்டுபோய்விட்டது. மூன்று பக்கமும் ஒரே மாதிரி கல் சுவர்கள்.

"எந்தப் பக்கம்?" என்றாள் நூன்சியா.

"இருங்க, யோசிக்கறேன். எப்பவும் கிளையைப் பாத்துத்தான் திரும்புவேன். இந்தப் பக்கம்னு நினைக்கறேன். நூறு அடி போய்ப் பாத்துட்டு..."

"கேட்டா என்ன?"

"யாரை? வெளியில ஒருத்தரும் இல்லையே."

"வெளியில இல்லன்னா உள்ள இருப்பாங்க." நூன்சியா நேராக ஒரு வீட்டு ஜன்னலுக்குப் போய் உள்ளங்கையால் பலகையை அறைந்தாள். நெரீனாவுக்கு உடம்பு கூசியது. இந்த மேட்டில் வழி தப்பிப் பக்கத்து நாட்டுக்கே போனாலும் போவார்கள், அடுத்தவர் ஜன்னலைத் தட்ட மாட்டார்கள். பலகை ஒரு விரல் அளவு திறந்தது. ஒரு மீசை தெரிந்தது.

"ஐயா, முட்டையும் தொடைக்கறியும் போடற பொம்பள வீடு எது?"

மீசை சிறிது யோசித்தது. "இடது பக்கம். பச்சைக் கதவு. சீக்கிரம் போங்க, இன்னிக்கு அவ தனியா மாட்டிக்கிட்டா."

பச்சைக் கதவைத் திறந்ததும் சூடும் சத்தமும் முகத்தில் அடித்தன. தாழ்ந்த கூரைக்குக் கீழே ஆறு நீள மேசைகள். கீழே காற்றுக்குத் தப்பி வந்தவர்கள், கடைசி நாள் என்று வந்தவர்கள், எல்லாருமாக நாற்பது ஐம்பது பேர். பரிமாறும் நீளப் பலகைக்குப் பின்னால் ஸோர்கா ஒருத்திதான். ஒல்லியான, உயரமான பெண், ஐம்பத்தைந்து வயதிருக்கும். மகளும் மருமகனும் காலையில் பக்கத்து ஊருக்கு ரொட்டி வாங்கப் போனவர்கள், பாதையில் மரம் விழுந்து அந்தப் பக்கமே நின்றுவிட்டார்களாம். தொடைக்கறியைச் சீவிக்கொண்டே முட்டைப் பானையை எட்டிப் பார்த்து, ஒரு கையால் மதுவை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

நெரீனாவும் நூன்சியாவும் ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். பக்கத்து மேசையில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த எட்டுப் பேர். அவர்கள் கையில் நெரீனாவின் குறிப்புத் தாள் இருந்தது. அவர்களில் ஒருவர் எழுந்து உணவுப் பட்டியல் கேட்டார். இன்னொருவர் சூப் கேட்டார்.

"பட்டியலும் இல்ல, சூப்பும் இல்ல!" என்று ஸோர்கா கத்தினாள். அவர்கள் முகம் சுருங்கி, மேலங்கிகளை எடுக்க ஆரம்பித்தார்கள்.

நூன்சியாவின் விரல்கள் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

"அந்தப் பொம்பளையைப் பாரு. முட்டையை உரிக்காமயே தட்டுல வெக்கறா. அந்தா, மூணாவது மேசைக்காரன் ரெண்டு தடவை கேட்டுட்டான். அவளுக்குக் காதுல விழல."

"அவங்க தனியா இருக்காங்க, சிஞோரா."

"அதைத்தான் நானும் சொல்றேன். இதைப் பாத்துக்கிட்டு என்னால உக்கார முடியாது. இந்தக் கோட்டைப் பிடி."

நெரீனா தடுப்பதற்குள் நூன்சியா சட்டைக் கையை மடித்துக்கொண்டு பலகைக்குப் பின்னால் போய்விட்டாள்.

"வந்தவங்க இந்தப் பக்கம் வரக் கூடாது" என்றாள் ஸோர்கா, தலை நிமிராமல்.

"நான் வந்தவ இல்ல. முப்பத்தோரு வருஷம் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால நின்னவ. அந்தக் கத்தியைக் கொடு."

"கத்தியைக் கொடுக்க மாட்டேன்."

"சரி, முட்டையைக் கொடு."

ஸோர்கா நிமிர்ந்து பார்த்தாள். எதிரே நின்ற பெண்ணின் முன்கையில் பழைய எண்ணெய்த் தழும்புகள் வரிசையாக இருந்தன. முட்டைப் பானையைக் காலால் அந்தப் பக்கம் நகர்த்தினாள்.

அதன் பிறகு நடந்ததை நெரீனா வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறாள். நூன்சியா முட்டையைப் பலகையில் ஒரு உருட்டு உருட்டினால் ஓடு சட்டை மாதிரி கழன்று வந்தது. பத்து நிமிடத்தில் அறுபது முட்டை. உரித்துக்கொண்டே மேசைகளைப் பார்த்தாள்.

"இது என்ன, ஆளுக்கொரு வரப்பா? ஏய், அந்தச் சிவப்புச் சட்டை! தள்ளு. உன் பொண்டாட்டிதானே அது, ஒட்டி உக்காந்தா என்ன? இன்னும் தள்ளு. நெரீனா! வாசல்ல நிக்கற நாலு பேரை அங்க உக்கார வை!"

அவள் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது அதுதான் முதல் முறை. நெரீனா ஓடினாள். அவள் ஊர்க்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தவரோடு பேசாமலே முப்பது வருடம் இந்த வீட்டில் மது குடித்தவர்கள், முழங்கை இடித்ததும் பேச ஆரம்பித்தார்கள்.

நெரீனா அந்த ஆஸ்திரியர்களிடம் போனாள். இது அவள் வேலை. இதை அவள் தூக்கத்திலும் செய்வாள்.

"உக்காருங்க. அந்தத் தாளை எழுதினது நான்தான். இங்க பட்டியல் கிடையாதுன்னு எழுதாம விட்டது என் தப்பு. இது கடை இல்ல, வீடு. வீட்டுல என்ன இருக்கோ அது. பலகைகிட்டப் போய்க் கையால காட்டுங்க. ரெண்டு பேருக்கு ஒரு தட்டு போதும். முதல்ல சிவப்பு மதுவைக் குடிங்க, புளிக்கும். ரெண்டாவது வாய்ல பிடிச்சுடும்."

அவர்கள் உட்கார்ந்தார்கள். இரண்டாவது வாயில் பிடித்துவிட்டது. மூன்றாவது தட்டுக்குப் பிறகு அவர்களில் தாடிக்காரர் எழுந்து பலகைக்கு வந்து பணிவாக ஒரு காப்பி கேட்டார்.

"காப்பியா?" நூன்சியா இடுப்பில் கை வைத்தாள். "இங்க காப்பி கிடையாது. கொட்டை இந்தத் தோட்டத்துல விளையுதா? விளையல. அப்புறம் எப்படிக் கேப்பீங்க? தெரிஞ்சுக்கிட்டு வரணும்."

இதை அவள் தெரிந்துகொண்டு கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. தாடிக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனதும் நெரீனாவின் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள்: "நிஜமாவே கிடையாதா? ஒரு சொட்டுகூட?"

"கிடையாது, சிஞோரா."

"கடவுளே!" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள்.

சுவர்க் கடிகாரம் இரண்டு நாற்பதைக் காட்டியது. நெரீனா அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி இருந்துவிடலாம். இன்னும் பத்து நிமிடம் வாயைத் திறக்காவிட்டால் ரயில் தானாகவே போய்விடும். திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் கிடைக்கும். ஆனால் அப்படிக் கிடைத்த ஒரு நாளை வைத்துக்கொண்டு இவளோடு ஒரு வாழ்நாள் எப்படி இருப்பது? ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றாள்.

"சிஞோரா, மணி ரெண்டே முக்கால் ஆகப் போகுது. இப்பக் கிளம்பினாதான் ரயிலைப் பிடிக்கலாம்."

நூன்சியா ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். ரொட்டிக் கத்தி எப்போதோ அவள் கைக்கு வந்திருந்தது. அவள் நெரீனாவை நன்றாக ஒரு முறை பார்த்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக, இவள் யாரென்று பார்ப்பது போல.

"சொல்லாம இருந்திருக்கலாமே நீ."

"இருந்திருக்கலாம்."

"ஏன் சொன்னே?"

"கேட்டா சரியான நேரத்தைச் சொல்றதுதான் என் பொழப்பு, சிஞோரா. நீங்க கேக்கலன்னாலும்..."

"சரி, சரி. ரயில் நாளைக்கும் போகும். இந்த ஆளுங்க இன்னிக்குத்தான் இருப்பாங்க. அந்த ஊறுகாய் ஜாடியை இப்படித் தள்ளு."

பக்கத்தில் ஸோர்கா இதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். அவள் தொடைக்கறித் தாங்கியில் புதிய தொடை ஒன்றைப் பொருத்தினாள், கடைசித் தொடை. நீளமான, மெல்லிய அந்தக் கத்தியைத் துணியில் துடைத்தாள். பிடியை நூன்சியாவின் பக்கம் திருப்பி நீட்டினாள்.

அறையில் வழக்கமாக வருகிறவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஸோர்கா அந்தக் கத்தியைத் தன் புருஷனிடம்கூடக் கொடுத்ததில்லை.

"மெல்லிசா" என்றாள் ஸோர்கா.

"எவ்வளவு மெல்லிசா?"

"அதுக்கு அந்தப் பக்கம் இருக்கறவன் மூஞ்சி தெரியணும்."

நூன்சியா ஒரு துண்டு சீவினாள். விரல் நுனியில் அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். சிவப்பு இழைக்குள்ளே ஸோர்காவின் முகம் தெரிந்தது. யாரோ கை தட்டினார்கள். பிறகு அறை முழுக்கத் தட்டியது. சிவப்புச் சட்டைக்காரர் மேசையைக் குத்தினார். ஆஸ்திரியர்கள் எதற்கென்று தெரியாமலே எழுந்து நின்று தட்டினார்கள்.

நாலரை மணிக்கு எலும்பு மட்டும் மிஞ்சியது. பீப்பாய் காலி. காற்றும் ஓய்ந்துபோயிருந்தது. கடைசி விருந்தினர்கள் பெயர் கேட்டு, கை குலுக்கி, "ஜூன்ல பாக்கலாம், நூன்சியா!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்று பெண்களும் ஒரு மேசையில் சரிந்து உட்கார்ந்தார்கள். ஸோர்கா எங்கோ ஒளித்து வைத்திருந்த வெள்ளை மது ஒரு புட்டியைக் கொண்டுவந்தாள்.

"ஜூன்ல பத்து நாள் திறப்பேன்" என்றாள். "வருவியா?"

"ஜூன்லதானா? அது வரைக்கும் நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காரணுமா?"

"ஏப்ரல்ல என் அக்கா திறக்கறா, அடுத்த ஊர்ல. அவளுக்கு முட்டை உரிக்கவே வராது. மே மாசம் அவ நாத்தனார்."

"நாத்தனாருக்கும் வராதா?"

"அவளுக்கு எதுவுமே வராது."

நூன்சியா வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கடையை மூடினதுலேருந்து என்னை யாரும் 'வா'ன்னு கூப்பிட்டதில்ல, தெரியுமா?" என்றாள், இருவரில் யாருக்கென்று இல்லாமல். "உடம்பு எப்படி இருக்கு, மருந்து சாப்பிட்டியா, இதைத்தான் கேப்பாங்க. என் பையனும் அதைத்தான் கேக்கறான்."

அப்போது நெரீனாவின் கைப்பேசி அடித்தது. சவேரியோ. இப்போதுதான் கரைக்கு வந்தானாம். குரலில் களைப்பையும் மீறிப் பயம்.

"அம்மா எங்க? வீட்டுல இல்லையே! ஊருக்குப் போயிட்டாங்களா?"

நெரீனா பதில் சொல்வதற்குள் நூன்சியா கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நான் எங்கேயும் போகல. வேலையா இருந்தேன். என்ன வேலையா? அதெல்லாம் அப்புறம். நீ கேட்டுக்கோ. திங்கட்கிழமை அந்தத் தாள்ல கையெழுத்துப் போடு. ஆமா. ஆமான்னு சொல்றேன்ல! ஆனா ஒண்ணு, உங்ககூட ஒரே வீட்டுல நான் இருக்க மாட்டேன். அதே தெருவுல எனக்குத் தனி வீடு. நான் கூப்பிட்டா உனக்குக் கேக்கணும், நீங்க சண்டை போட்டா எனக்குக் கேக்கக் கூடாது. அந்த தூரம்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சவேரியோ? அழறியா? ஐயோ, இருபத்தொன்பது வயசுக் கழுதை. இந்தா, இவகிட்டப் பேசு."

நெரீனா கைப்பேசியை வாங்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கீழே, வெகு தொலைவில், நகரமும் துறைமுகமும் மாலை வெயிலில் மின்னின. அங்கே ஏதோ ஒரு படகுத்துறையில் அவன் நின்றுகொண்டிருக்கிறான்.

"நெரீ, நீ என்ன பண்ணினே?"

"நான் ஒண்ணும் பண்ணல. எனக்கே ஒரு வேலை வெச்சாங்க."

"அம்மா நிஜமாவே சரின்னுட்டாங்களா?"

"நீயும் கேட்டியே!" காலையிலிருந்து உள்ளே அடக்கி வைத்ததெல்லாம் ஒரே குரலாக வெளியே வந்தது. "கேளு. திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டதும் நேரா நகராட்சி அலுவலகத்துக்கு வா. நம்ம கல்யாணத்துக்கும் நாள் எழுதிட்டு வந்துடலாம்!"

தான் எவ்வளவு உரக்கச் சொன்னோம் என்பது அப்புறம்தான் அவளுக்குத் தெரிந்தது. சுற்றிலும் இருந்த வீடுகளில் ஜன்னல் பலகைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒன்றிலிருந்து மீசை முழுவதுமாக வெளியே வந்தது.

"எந்த நாள்?" என்று கேட்டது மீசை.

"ஜூன்ல!" என்று வீட்டுக்குள்ளிருந்து நூன்சியாவும் ஸோர்காவும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.